மரக்காணத்துக் காற்றும் ஒரு கால் பெட்டியும்

மரக்காணத்தில் வீடு கட்டப் போகிறேன் என்று யாராவது யோசனை கேட்டால், நான் முதலில் சொல்வது, 'இரும்பை நம்பாதீர்கள்' என்பதுதான். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம், நடுவில் ஊர். கேட்டுத் தாழ்ப்பாளுக்கு இரண்டு வருஷம், சைக்கிள் செயினுக்கு ஒரு வருஷம், மின்விசிறித் திருகாணிக்கு மூன்று மழைக்காலம் என்று இங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஆயுள் கணக்கு உண்டு. புதுச்சேரி அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த காலத்தில் எனக்குக் கறையான்தான் எதிரி. ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான இங்கே குடிவந்த பிறகு அந்த இடத்தைத் துரு பிடித்துக்கொண்டது.

அந்தத் துருவோடு மூன்று மாதம் மல்லுக்கட்டிய கதை இது. துரு பிடித்த பொருள் ஒரு கால் ஆர்மோனியம். கூத்துக்காரர்கள் மொழியில் சொன்னால், கால் பெட்டி.

கைப்பெட்டியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு கை துருத்தியை அசைக்கும், மறு கை வாசிக்கும். கால் பெட்டியில் துருத்தி வேலை கால்களுக்குப் போய்விடும். வாசிப்பவர் பெஞ்சியில் உட்கார்ந்து இரண்டு மிதிகளை மாறி மாறி மிதிப்பார். இரண்டு கையும் கட்டைகளின் மேல் இருக்கும். விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில், முகவீணையும் மிருதங்கமும் டோலக்கும் தாளமும் சேர்ந்து முழங்கும் இடத்தில், இரண்டு கைக்கும் வேலை இருக்கிறது. அதனால்தான் நம் பக்கத்து ஜமாக்களில் கால் பெட்டிக்குத் தனி மரியாதை.

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்ததே, நினைவிருக்கும். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெட்டிக்காரர் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. பெட்டியைக் கட்டில் மேல் தூக்கி வைத்ததால் கட்டைகளும் நாக்குகளும் நனையவில்லை. மிதிகளும் அடித்துருத்தியும் நனைந்தன. தை மாதம் ஒரு டாடா ஏஸில் ஏற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய தட்டச்சுப் பொறிகளையும் சுவர்க் கடிகாரங்களையும் நான் பொழுதுபோக்காகப் பிரித்துச் சேர்ப்பது ஊரில் தெரியும்.

"சார், பொட்டிக்குள்ள காத்து நிக்கல. மிதிச்சா எனக்குத்தான் மூச்சு வாங்குது" என்றார் பெட்டிக்காரர். என் வயதுதான் அவருக்கும், எழுபத்தைந்தை ஒட்டி. சித்திரையில் திரௌபதியம்மன் கோயில் கூத்துகளுக்கு ஜமா ஏற்கெனவே பாக்கு வாங்கியிருந்தது. பெட்டி சரியாகாவிட்டால் மின்சாரக் கீபோர்டு வாங்கி, அதை வாசிக்க ஒரு இளைஞனைச் சேர்த்துக்கொள்வது என்று வாத்தியார் முடிவு செய்திருந்தார். அதில் தப்பு சொல்ல முடியாது. கூத்து நடந்தாக வேண்டுமே. ஆனால் ஐம்பது வருஷம் காலால் மிதித்து வாசித்தவருக்குக் கீபோர்டில் பாதி உடம்பு சும்மா இருக்கும். பாட்டு ஏறும்போது மிதியை அழுத்தி ஒலியை ஏற்றுவதும், வசனத்துக்கு இடம்விட்டு இறக்குவதும் அவர் கால் செய்கிற வேலை. அந்தப் பெட்டி போனால் ஜமாவில் அவர் இடமும் போய்விடும். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெட்டியை இறக்கிய பிறகு ஏஸில் ஏறாமல் திண்ணையிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஆர்மோனியம் எனக்குப் புதிதல்ல. நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள்; 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் இணைப்பு முடிந்தது. பள்ளியில் மட்டும் பாடம் பிரெஞ்சிலேயே நடந்துகொண்டிருந்தது. கூடத்தின் மூலையில் ஒரு கால் ஆர்மோனியம் இருந்தது. பாட்டு ஆசிரியர் அதன் பின்பலகையைக் கழற்றி உள்ளே காட்டி, ஒவ்வொரு உறுப்பின் பெயரையும் சொல்லிக்கொடுத்து, மறுநாள் அதையே சொல்வதெழுதுதலாகவும் வைத்துவிட்டார். துருத்திக்கு 'சூஃப்லே'. அதே சொல்லுக்குக் கன்னத்தில் விடும் அறை என்றும் பொருள் உண்டு; வகுப்பில் இரண்டையும் கண்டிருக்கிறோம். ஒலி எழுப்பும் நாக்குக்கு 'ஆன்ஷ்'. இடுப்புக்கும் உச்சரிப்பு அதேதான், எழுத்தில் மட்டும் முன்னால் ஒரு ஓசையில்லாத எழுத்து. ஆர்மோனியத்துக்கு இடுப்பு வலி வந்த கட்டுரைகள் அன்று பல எழுதப்பட்டன.

அந்தக் கருவியே பிரெஞ்சுக்காரர்களுடையதுதான். அலெக்சாந்தர் தெபேன் என்ற பாரிஸ்காரர் 1842இல் 'ஆர்மோனியம்' என்ற பெயருக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் தத்துவம் அவருக்கும் முந்தியது; சீனர்களின் 'ஷெங்' என்ற ஊதுகருவியில் பல நூற்றாண்டுகளாகவே அதே நாக்கு இருக்கிறது. ஒரு பித்தளைத் தகட்டில் நீளமான துளை. துளையைவிட மயிரிழை சிறிதாக ஒரு பித்தளை நாக்கு. அதன் ஒரு முனை மட்டும் தகட்டோடு அறையப்பட்டிருக்கும். காற்று துளை வழியே போகும்போது நாக்கு துடிக்கும், துடிப்பே சுரம். கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதைத் தரையில் உட்கார்ந்து வாசிக்கும் கைப்பெட்டியாக்கினார். அதற்குப் பிறகு அது இந்தியா முழுக்கப் பரவிவிட்டது.

பின்பலகையைத் திறந்ததும் ஒன்று புரிந்தது. பாடுகிற உறுப்பு பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. பித்தளை நாக்குகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்ததே தவிர, ஒன்றிரண்டைத் தவிர மற்றவை உயிரோடு இருந்தன. செத்துக் கிடந்தவை அதைச் சுற்றியிருந்த ஏவலாட்கள்: கம்பிச் சுருள்கள், கீல்கள், உருளைகளின் அச்சு, மிதியைத் தாங்கும் இரும்புக் கை. ஜமாக்காரர்கள் 'சத்தம் போயிடுச்சு' என்றார்கள். சத்தம் அங்கேயே இருந்தது. காற்றுதான் அதனிடம் போய்ச் சேரவில்லை.

இதற்கு உப்பு ஒரு காரணம். சமையல் உப்பு மட்டும் என்றால் இவ்வளவு ஈரம் இழுக்காது. கடல் தண்ணீரில் மெக்னீசியம் உப்புகளும் இருக்கின்றன. உப்பளத்தில் உப்பை வாரிய பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீர் அதுதான். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் கல்லுப்பு மூட்டை அழுவது அதனால்தான். அந்த உப்புத்தூள் பெட்டிக்குள் படிந்தால், வெளியே காய்ந்தாலும் உள்ளே இரும்பு நனைந்தபடியே இருக்கும். ஆகவே முதல் பத்து நாள் பழுதே பார்க்கவில்லை. மெல்லிய தூரிகையால் உப்பைத் தட்டி, நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் இரும்பைத் துடைத்து, நிழலில் காற்றோட்டமாக வைத்தோம். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் பலகை முறுக்கிக்கொள்ளும்.

பிறகு துருத்தி. ஓட்டை எங்கே என்று கண்ணால் தெரியாது. பெட்டிக்காரரின் பேத்தி ப்ளஸ் டூ படிக்கிறாள், விடுமுறை நாட்களில் தாத்தாவோடு வருவாள். அவளிடம் ஓர் ஊதுவத்தியைக் கொடுத்து, தாத்தா மிதிக்க மிதிக்க மடிப்புகளின் ஓரமாக மெதுவாகக் கொண்டுபோகச் சொன்னேன். புகை எங்கே சிதறுகிறதோ அங்கே ஓட்டை. சாக்பீஸால் வட்டம் போட்டாள்; மொத்தம் பதினேழு வட்டம். மெல்லிய ஆட்டுத்தோல் வெட்டி, ஓரங்களைச் சீவி, வச்சிரம் காய்ச்சி ஒட்டினோம். கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசை இதைவிட உறுதியானது என்று ஆசாரி சொன்னார். உண்மைதான். ஆனால் வச்சிரம் வெந்நீர் பட்டால் விட்டுக்கொடுக்கும். நாளைக்கு இன்னொருவர் பிரிக்க வேண்டி வந்தால் தோலும் பலகையும் கிழியாமல் கழன்று வரும். பழைய ஆட்கள் காரணமில்லாமல் அதை வைக்கவில்லை.

மிதியிலிருந்து துருத்திக்குப் போகும் நாடா இற்றுப்போயிருந்தது. இதற்கு நைலான் வேண்டாம். இழுத்து இழுத்து நீண்டுவிடும், மிதி தரையைத் தொட்டுவிடும். கட்டில் பின்னும் பருத்தி நாடா திண்டிவனத்தில் கிடைத்தது. இரண்டு மடிப்பாகத் தைத்துப் போட்டோம். உருளைகளின் இரும்பு அச்சுக்குப் பதில் பித்தளைக் கம்பி.

மலைக்க வைத்தது இரும்புக் கைதான். இடது மிதியைத் தாங்கும் வார்ப்பிரும்புத் துண்டு, முன்பே ஒரு முறை உடைந்து, யாரோ கரண்ட் வெல்டிங் வைத்து, அந்த வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே மறுபடி உடைந்திருந்தது. வார்ப்பிரும்பில் கார்பன் அதிகம். ஒரே இடத்தில் கடும் சூடு ஏற்றிச் சட்டென்று ஆறவிட்டால் அந்த ஓரம் இறுகிக் கண்ணாடி மாதிரி விரிசல் விடும். இதைப் புரியவைத்தவர் விசைப்படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஒரு தம்பி. அவர் கேஸ் நெருப்பில் துண்டை முழுதுமாகச் சூடாக்கினார். இரும்பை உருக்காமல், பித்தளைக் கம்பியை மட்டும் உருக்கிப் பிளவில் ஓடவிட்டார். பிறகு ஒரு தகர டின்னில் அடுப்புச் சாம்பலை நிரப்பி அதற்குள் புதைத்தார். "நாளைக்கு வாங்க ஐயா, இன்னிக்கித் தொடாதீங்க" என்றார். மறுநாள் சாம்பலிலிருந்து எடுத்தபோது இரும்பில் மஞ்சள் கோடு ஒன்று ஓடியிருந்தது. கூலி கேட்டதற்கு, எங்க ஊர் கூத்துக்கு வந்த பொட்டிதானே என்று பித்தளைக் கம்பிக்கான காசை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அடுத்து கட்டைகளுக்குக் கீழே இருக்கும் சுருள்கள். கட்டையை அழுத்தினால் காற்றுத் துளையின் மூடி திறக்கும். விரலை எடுத்தால் சுருள் அதை மூட வேண்டும். முப்பத்தொன்பது கட்டை, முப்பத்தொன்பது சுருள், பாதிக்கு மேல் துரு. சென்னையிலிருந்து பாஸ்பர் வெண்கலக் கம்பி வரவழைத்தோம். உப்புக்கு அது எளிதில் மசியாது. ஆணி அடித்த பலகையில் வளைத்து ஒவ்வொன்றாகச் செய்தோம். எல்லாச் சுருளும் ஒரே விசையில் இருந்தாக வேண்டும். ஒன்று விறைப்பாகவும் ஒன்று தளர்ச்சியாகவும் இருந்தால் வேகமாக வாசிக்கும்போது விரல் தடுக்கும். நான் பார்த்த வழி இது: கட்டையின் முன் ஓரத்தில் ஐந்து ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. எட்டாவது நாணயத்தில் கட்டை இறங்கினால் சரி. ஆறில் இறங்கினால் சுருளைக் கொஞ்சம் விரிக்க வேண்டும், பத்தில் இறங்கினால் சுருக்க வேண்டும். முப்பத்தொன்பதுக்கும் ஒரு பட்டியல் போட்டு டிக் அடித்தேன். எழுத்தர் புத்தி எங்கே போகும்?

இந்த இடத்தில் 'கட்டை' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அவருக்கு ஐந்து கட்டை சாரீரம், இவருக்கு ஒன்றரைக் கட்டை என்று இன்றும் சபாக்களில் பேசுகிறோம். அது இந்தப் பெட்டியின் கட்டைக் கணக்கு. முதல் வெள்ளைக் கட்டை ஒன்று, அதற்கடுத்த கறுப்பு ஒன்றரை, இப்படியே போகும். மூன்றரைக் கட்டை என்று யாரும் பாடிக் கேட்டிருக்க மாட்டீர்கள். மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் கறுப்புக் கட்டையே கிடையாது.

இவ்வளவு நெருங்கியிருந்தும் பெட்டிக்குச் சங்கீத உலகில் நல்ல பெயர் கிடையாது. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்த பாரதியாரே சங்கீதத்தைப் பற்றிய தம் கட்டுரையில் ஆர்மோனியத்தைத் திட்டித் தீர்த்திருக்கிறார். அகில இந்திய வானொலி 1940 மார்ச் மாதம் முதல் அதை ஒலிபரப்பிலிருந்தே விலக்கியது. 1971இல்தான் தடை ஓரளவு தளர்ந்தது. காரணம் நியாயமானதுதான். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே வழுக்கிப் போகும் கமகம் அதில் வராது. கச்சேரி மேடையும் வானொலியும் கைவிட்ட காலத்தில் அதற்குச் சோறு போட்டது நாடகக் கொட்டகையும் கூத்துக்களமும் பஜனை மடமும்தான். பெட்டியைப் பழுது பார்க்கும் அறிவும் அந்த இடங்களில்தான் தங்கியிருக்கிறது. அந்த இடங்கள் சுருங்கினால் அறிவும் சுருங்கும்.

கடைசியாக நாக்குகள். இரண்டு பேசவில்லை, களிம்புத் துகள் இடுக்கில் சிக்கியிருந்தது. மெல்லிய தாளை நாக்குக்கு அடியில் நுழைத்து இழுத்ததும் பேசின. ஒன்று அடியில் விரிசல்விட்டுப் போயிருந்தது. எது என்று நினைக்கிறீர்கள்? ஐந்தாம் கட்டை. ஜமா பாடுவது ஐந்து கட்டையில். விடிய விடிய ஆதார சட்ஜமாக அதையே பிடித்திருப்பார்கள். அதிகம் உழைத்தது முதலில் ஓய்ந்தது. குஜராத்தில் பாலிதானா என்ற ஊர் ஆர்மோனிய நாக்குகளுக்குப் பேர்போனது. அங்கே செய்த நாக்கு ஒன்றைச் சென்னைக் கடை வழியாக வாங்கிப் பொருத்தினோம்.

புது நாக்கைச் சுதி சேர்க்க வேண்டும். நுனியைச் சுரண்டினால் எடை குறைந்து சுதி ஏறும். அடியைச் சுரண்டினால் தளர்ந்து சுதி இறங்கும். இரண்டும் மயிரிழை வேலை. பேத்தி தன் கைப்பேசியில் சுதி காட்டும் செயலியைத் திறந்து வைத்தாள். முள் நடுவில் நிற்கும்வரை சுரண்டலாம் என்றாள். நான் மற்ற கட்டைகளையும் அதில் காட்டச் சொன்னேன். எல்லாமே கொஞ்சம் மேலே நின்றன. பெட்டி முழுக்கவே உலகக் கணக்குக்கு ஒரு நூல் ஏற்றம். பெட்டிக்காரர் சிரித்தார். "அது போன் சுதி, இது பொட்டி சுதி" என்று சொல்லிவிட்டு, கீழ் ஸ்தாயி ஐந்தாம் கட்டையையும் புதியதையும் சேர்த்து அழுத்தினார். இரண்டும் ஒத்துப்போகாதபோது ஒலி அலை அலையாக நடுங்கும். சுரண்டச் சுரண்ட அலை மெதுவாகும். ஒரு கட்டத்தில் நடுக்கம் நின்று இரண்டும் ஒரே குரலாகிவிடும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், கையை உயர்த்துவார், நான் அரத்தை நிறுத்துவேன். நாலு மணி நேரம் ஆனது. கைப்பேசிக்குச் சரியாக வைத்திருந்தால் அந்த ஒரு கட்டை மட்டும் ஜமாவில் அந்நியனாக நின்றிருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொரு கட்டையைப் பேத்தியே சேர்த்தாள், செயலி இல்லாமல்.

பெட்டி பங்குனிக் கடைசியில் ஊருக்குத் திரும்பியது. சித்திரையில் அர்ச்சுனன் தபசு அன்று நானும் போயிருந்தேன். ராத்திரி பத்து மணிக்கு மிதிக்க ஆரம்பித்தவர் விடியும்வரை நிறுத்தவில்லை. ஜமா கீபோர்டும் வாங்கிவிட்டது. கூத்து தொடங்குமுன் சினிமா மெட்டுகளுக்கு அது உதவுகிறது. கூத்துப் பாட்டுக்குக் கால் பெட்டிதான். எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டால், பெட்டி அவரைவிட நன்றாக இருக்கிறது. அவர் முழங்கால்தான் இப்போது எண்ணெய் கேட்கிறது. பேத்தி திங்கள், வெள்ளி சாயங்காலம் மிதித்துப் பழகுகிறாளாம். மேடைக்கு வருவாளா என்று தெரியாது, படிப்பு இருக்கிறது. ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க அந்த வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் எங்கள் மரக்காணம்தான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. அதைப் பாடிய நத்தத்தனாரும் பக்கத்து இடைக்கழிநாட்டுக்காரர். உமணர்கள் உப்பு வண்டியோடு போகும் அந்த வழியில் பாணன் சீறியாழைச் சுமந்துகொண்டு நல்லியக்கோடனிடம் பரிசு வாங்கப் போகிறான். யாழின் உறுப்புகளை வரிசையாக வர்ணிக்கும் பகுதி ஒன்றும் அதில் வருகிறது. இதே உப்புக் காற்றில்தான் அவனும் அதை வைத்து வாசித்திருப்பான். நரம்பு தளர்ந்தால் யாரிடம் போனான் என்பதைப் புலவர் சொல்லவில்லை.

பெட்டியைப் பிரித்தபோது மேல்பலகையின் உள்பக்கம் பென்சிலால் எழுதிய வரிகளைப் பார்த்தோம். '1963 தோல் மாற்றியது', '1988 நாடா, கீல்' என்று இரண்டு கையெழுத்து, பெயர் இல்லை. அதற்குக் கீழே நானும் எழுதினேன்: '2025 பங்குனி. தோல், நாடா, 39 சுருள், இடது மிதிக் கை பித்தளைப் பற்று, ஐந்தாம் கட்டை புது நாக்கு.' அடுத்துப் பிரிப்பவருக்கு எது எப்போது மாறியது என்று தெரிந்தால் பாதி வேலை மிச்சம்.

உங்கள் வீட்டுப் பரணிலோ கோயில் மடைப்பள்ளியிலோ இப்படி ஒரு பெட்டி கிடந்தால், பழைய இரும்புக்குப் போடுமுன் பின்பலகையை ஒரு முறை கழற்றிப் பாருங்கள். பித்தளை பச்சையாக இருந்தால் பயப்பட வேண்டாம், அது பிழைக்கும். கடற்கரை ஊர் என்றால் மழைக்காலத்தில் துணியால் மூடி, தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி வையுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் மாதம் இரண்டு தடவை பத்து நிமிஷம் மிதியுங்கள். தோல் மடிப்பு இறுகாது. ஊதுவத்தி வீட்டில் எப்படியும் இருக்கும்.